இடப்பக்கத்து நாற்காலி

வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தபோது சூப்பர்வைசர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"தினம் ஜன்னலத் திறந்து வைம்மா. பூட்டியே கிடந்தா வீடு கெட்டுப்போயிடும். வாடகையெல்லாம் ஒண்ணும் வேணாம்."

காய்ச்சல் பரவி, தொழிற்சாலையை மூடி, பெண்கள் விடுதியையும் காலி செய்யச் சொல்லிவிட்ட வாரம் அது. மற்ற பெண்களுக்குப் போக ஓர் ஊர், ஊரில் ஓர் அண்ணன், அந்த அண்ணன் பெண்டாட்டியின் முகச்சுளிப்பு என்று ஏதோ ஒன்று இருந்தது. காலர்காரிக்கு அந்த முகச்சுளிப்புகூட மிச்சமில்லை. அதனால்தான் சூப்பர்வைசர் தன் தூரத்து உறவினரின் பூட்டிய வீட்டை அவளுக்குத் திறந்துவிட்டார். மனிதர் வேலை நேரத்தில் கடித்துக் குதறுவார்; மற்ற நேரத்தில் நல்லவர்தான்.

காலர்காரி என்பது அவள் பெயரல்ல. ஆனால் தையல் லைனில் யாருக்கும் பெயர் கிடையாது. சட்டைக்குக் காலர் வைப்பவள் காலர்காரி. அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து அந்தக் காலரில் பட்டன் வைப்பவள் பட்டன்காரி. 'காலரு, பீஸ் எங்க?' என்று சூப்பர்வைசர் கத்துவதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஒரு பெட்டியும், தொழிற்சாலையில் குப்பைக்குப் போக இருந்த வெட்டுத்துணி ஒரு மூட்டையுமாக அவள் வந்து சேர்ந்தாள். ஒடுக்கமான பழைய வீடு. முன்னறை, அதற்குப் பின்னால் சமையலறை, அவ்வளவுதான். முன்பு குடியிருந்தவர்கள் வீட்டிலேயே தையல் நடத்தியவர்கள் போலிருக்கிறது. முன்னறையில் சுவரோடு சுவராக நீளமான மேசை. அதன் வலது கோடியில் ஒரு தையல் மெஷின். மெஷினுக்கு முன்னால் ஒரு நாற்காலி, அதற்கு இடப்பக்கம் வரிசையாக இன்னும் இரண்டு. மெஷின் எண்ணெயும், ஈரத்துணியை இஸ்திரி போடும்போது கிளம்புமே அந்த ஆவியும் கலந்த ஒரு வாடை அறையில் இருந்தது. இஸ்திரிப் பெட்டி எங்கே என்று தேடினாள். வீட்டில் அப்படி ஒன்று இல்லை.

அவள் வந்த மறுநாளே தெருவில் யாருக்கோ காய்ச்சல் என்று இரு முனையிலும் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். ஈ காக்கை நடமாட்டம் இல்லை. வாரத்துக்கு ஓரிரு முறை ஒரு நர்ஸம்மா கேட்டுக்கு வெளியே நின்று, உடம்பு சுடுகிறதா என்று பார்த்துவிட்டு, அரிசி பருப்பை வைத்துவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். விடுதியில் ஓர் அறைக்கு எட்டுப் பேராகப் படுத்து, 'கொஞ்சம் தள்ளிப் படுடி' என்று சண்டை போட்டவளுக்கு இப்போது புரண்டு படுத்தால் கை தரையில்தான் பட்டது. சாப்பாடு இருந்தது, கூரை இருந்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: பக்கத்தில் ஓர் ஆள்.

பைத்தியம் பிடிக்காமல் இருக்கத்தான் மூட்டையைப் பிரித்தாள். வெட்டுத்துணிகளை ஒன்றோடு ஒன்று இணைத்து, ஒரு பெரிய ஒட்டுப் போர்வை தைக்கலாம் என்று தோன்றியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காலரைத் தவிர வேறெதையும் தைத்து முடித்தவளில்லை அவள். ஒரு முழுப் பொருளை ஆரம்பித்து முடிப்பது என்ற நினைப்பே புதிதாக இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். லைனில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தைத்து முடித்ததும் நூலை அறுத்து, திரும்பிப் பார்க்காமல் பீஸை இடப்பக்கம் வீசிவிடுவார்கள். திரும்பிப் பார்த்தால் ஒரு நொடி போச்சு. அப்படிப் போகிற நொடிகள் சேர்ந்து சாயங்காலம் திட்டாக வரும். இடப்பக்கத்தில் ஒரு கை அதை வாங்கிக்கொள்ளும். வாங்க பீஸ் வரவில்லை என்றால், அந்தக் கை கத்தரிக்கோல் பிடியால் மேசையில் டொக் டொக் என்று தட்டும். அவ்வளவுதான் பேச்சு. அந்தக் கைக்கு உரியவளின் முகம் சாப்பாட்டு மணி அடித்தால்தான் தெரியும்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். காலர்காரி இரண்டு துண்டுகளை இணைத்தாள், நூலை அறுத்தாள், இடப்பக்கம் வீசினாள். அடுத்த இரண்டை எடுத்தாள்.

தலை நிமிர்ந்தபோது வெயில் சுவரில் பாதிக்கு ஏறியிருந்தது. அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாருக்குடி வீசுகிறாய்? பொறுக்கலாம் என்று குனிந்தாள்.

தரையில் ஒன்றுகூட இல்லை.

எல்லாத் துண்டுகளும் இடப்பக்கத்து நாற்காலியில் ஒன்றன்மேல் ஒன்றாக, ஓரம் பார்த்து அடுக்கியிருந்தன. பிசிறு நூல்கள் வெட்டப்பட்டிருந்தன.

'நானேதான் அடுக்கியிருப்பேன். கை வேலை செய்ததைத் தலை மறந்திருக்கும்' என்று சொல்லிக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், இதுவோ பட்டப்பகல். மறுநாளும் அதே மாதிரி தைத்தாள், வீசினாள். ஆனால் இந்த முறை காதைத் தீட்டி வைத்துக்கொண்டாள். துணி தரையில் விழுந்தால் சன்னமாக ஒரு சத்தம் வரும். தையல்காரிகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

சத்தம் வரவில்லை.

அன்று மத்தியானம் சூப்பர்வைசர் போன் செய்தார். குரல் கம்மியிருந்தது.

"ஏம்மா காலரு. விஷயம் தெரியுமா? உங்க மூணாம் லைன் பட்டன்காரி போயிட்டாங்கம்மா. ஆஸ்பத்திரியிலதான். யாரையும் பாக்க விடலயாம்."

அவள் போனை மேசையில் வைத்தாள். பட்டன்காரி அவளைவிட மூத்தவள். அதிகம் பேசமாட்டாள், பேசினால் சிரிக்க வைப்பாள். ஓவர்டைம் என்று அறிவித்தால், 'பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தாண்டி ஆகணும்' என்று முணுமுணுத்துவிட்டு விளக்கைப் போடுவாள். முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள் காலர்காரி. விரல்கள்தான் வந்தன. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன பெருவிரல், அதில் கோணலாக வளர்ந்த நகம். முகம் வரவில்லை.

அதற்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். இடப்பக்கத்து நாற்காலியைப் பார்த்தே அழுதாள்.

"இத்தன வருஷம் பக்கத்துலயே இருந்தும் உங்க மூஞ்சிய சரியா பாக்கலயேக்கா. இங்க வந்து என்கூட உக்காந்துக்கக் கூடாதாக்கா?"

வீட்டில் வேறு சத்தமே இல்லை. ஆனால் யாரோ உற்றுக் கேட்கும்போது ஓர் அறை எப்படி அமைதியாக இருக்குமோ, அப்படி இருந்தது.

மறுநாள் காலை, நாற்காலியிலிருந்த ஒவ்வொரு துண்டின் நடுவிலும் ஒரு பட்டன் தைத்திருந்தது.

ஒன்றுக்கொன்று பொருந்தாத பழைய பட்டன்கள். எலும்பு நிறத்தில் ஒன்று, கறுப்பில் ஒன்று, விளிம்பு உடைந்தது ஒன்று. அப்படி ஒரு பட்டனும் அவளிடம் கிடையாது. தையல் மட்டும் கச்சிதம். வேறு யாராவது இருந்தால் அலறிக்கொண்டு தகரத்தைத் தாண்டிக் குதித்திருப்பாள். காலர்காரிக்கோ நெஞ்சு நிறைந்துபோயிற்று. பயமில்லை என்று சொல்ல முடியாது. பயத்தைவிடத் தனிமை பெரிதாக இருந்தது.

"வந்துட்டீங்களாக்கா" என்றாள்.

டொக் டொக் என்று மேசையில் சத்தம் கேட்டது. அவள் அவசரமாக மெஷினுக்கு முன் உட்கார்ந்தாள்.

அதன் பிறகு நாட்கள் ஓடியது தெரியவில்லை. அவள் இணைத்து வீசுவாள். பட்டனோடு துண்டுகள் மேசையில் அடுக்காக வந்து நிற்கும். வேலை செய்துகொண்டே பேசுவாள். விடுதியில் யார் யாருடைய சோப்பைத் திருடினாள் என்பதிலிருந்து, சின்ன வயதில் அம்மா போய்ச் சேர்ந்தது வரைக்கும், யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னாள். இரண்டு டம்ளர் டீ போட்டாள். ஒரு டம்ளர் ஆடை படிந்து ஆறும். அதையும் அவளே குடித்துக்கொள்வாள். திரும்பி மட்டும் பார்க்க மாட்டாள். லைனில் யாரும் பார்ப்பதில்லையே.

சில நாள் குளிக்க மறந்தாள். ஜன்னலைத் திறக்க மறந்தாள். தைப்பதை நிறுத்தினால் மேசையில் தட்டும் சத்தம் வந்தது. முதலில் அது பாசமாகத் தோன்றியது. போகப் போக, சாப்பிட உட்கார்ந்தாலும் வந்தது. கண் அசந்தாலும் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக உரத்து வந்தது.

ஒரு நாள் நர்ஸம்மா கேட்டில் நின்று அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னம்மா இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க? காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

"இல்ல சிஸ்டர். வேல ஜாஸ்தி."

"வீட்டுல ஒரு ஆள்னுதான் எங்ககிட்ட சொல்லியிருக்கு. கூட யாரு இருக்கா?"

"யாருமில்லையே."

"அப்ப யாரு பேசினது? இப்ப நான் வரும்போதுகூட ரெண்டு பேரு பேசிட்டு இருந்தீங்களே."

காலர்காரி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பேசியது அவள் ஒருத்திதான். பதிலுக்கு ஒரு வார்த்தைகூட அவள் காதில் இதுவரை விழுந்ததில்லை.

"இன்னொரு குரல் எப்படி இருந்துச்சு சிஸ்டர்?"

நர்ஸம்மா கொஞ்சம் யோசித்தாள். "அதான் எனக்கும் வேடிக்கையா இருந்துச்சு. ரெண்டும் உங்க குரல் மாதிரியேதான் இருந்துச்சு."

உள்ளே வந்ததும் மேசையில் தட்டும் சத்தம் கேட்டது. அவள் உட்கார்ந்தாள். கை தைத்தது.

இரண்டு நாள் கழித்துப் பகல் பொழுதில் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"காலரு? நான்தாண்டி, பட்டன்."

மெஷின் பெடலிலிருந்து அவள் கால் நழுவியது.

"என்னடி பேச்சையே காணோம்? நான் செத்துட்டேன்னு உனக்குச் சேதி வந்துச்சாமே. சூப்பர்வைசர் இப்பதான் சொன்னாரு. செத்தது ராத்திரி ஷிப்ட்டு பட்டன்காரிடி, பாவம். நம்மள எல்லாம் யாரு பேர் சொல்லிக் கூப்பிடுறா? வேலையச் சொன்னா இப்படித்தான் ஆளு மாறிப் போகும். நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். மூச்சுதான் கொஞ்சம் வாங்குது."

அது அந்தக் குரல்தான். அதே முணுமுணுப்பு, அதே கிண்டல். காலர்காரியின் கண்ணில் நீர் பொங்கியது. பொங்கிய அதே கணத்தில் அவளுக்கு இன்னொன்று புரிந்தது.

பட்டன்காரி உயிரோடு இருக்கிறாள்.

அப்படியானால் இது யார்?

அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக, வேலைக்கு நடுவில் அவள் தலையை இடப்பக்கம் திருப்பினாள்.

நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதன்மேல் போட்டிருந்த மெத்தைத் திண்டு மட்டும், ஆள் உட்கார்ந்தால் எப்படி அமுங்குமோ அப்படி அமுங்கியிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க, உட்கார்ந்திருப்பவர் அவள் பக்கம் திரும்பினாற்போல் அந்தப் பள்ளம் மெல்ல இடம் மாறியது.

"கேக்குதாடி?" என்றது போன். "சாயங்காலம் என்னை அனுப்புறாங்க. விடுதியும் இல்ல. அட்ரஸ் சொன்னா வண்டியிலயே கொண்டுவந்து விட்டுடுவாங்களாம். இல்லேன்னா முகாமுக்குத்தான் போகணும். அங்க கூடத்துல வரிசையாப் படுக்க வச்சிருக்காங்களாம். நீ தனியாத்தான இருக்க? நானும் வந்து இருந்துக்கட்டுமாடி?"

இத்தனை நாள் எதற்காக ஏங்கினாளோ, அது தானாக வந்து கதவைத் தட்டுகிறது. வாங்கக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் பக்கத்தில் மூச்சு விடுகிற ஓர் ஆள் இருக்கும். தெருவின் இரண்டு முனையும் அடைத்திருக்கிறது. அவளால் வெளியே போக முடியாது. ஆனால் வெளியிலிருக்கும் ஒருத்தியை உள்ளே வராமல் தடுக்க முடியும்.

டொக் டொக்.

"வேணாம்க்கா" என்றாள். "இங்க எடம் இல்ல. ஆள் இருக்காங்க."

அந்தப் பக்கம் இழுத்து மூச்சு வாங்குவது கேட்டது.

"ம். தெரியுது" என்றாள் பட்டன்காரி. "மேசையத் தட்டுற சத்தம் கேக்குது. சரிடி, பரவால்ல. நான் முகாமுக்கே போயிக்கிறேன்."

அந்தப் 'பரவால்ல' நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. காலர்காரி போனை மேசையில் போட்டுவிட்டு, சமையலறைக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முன்னறையில் தட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. விடாமல், ஒரே சீராக.

பிறகு நின்றது.

அவள் மூச்சை அடக்கிக் கேட்டாள். துணி உரசும் சத்தம். நாற்காலி முனகும் சத்தம். அப்புறம் ஒரு குரல், தாழ்ந்த குரலில், யாரிடமோ எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. வார்த்தைகள் பிடிபடவில்லை. குரல் பிடிபட்டது.

அவளுடைய குரல்.

இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள். போனை அங்கேயே விட்டுவிட்டு வந்தோமே என்ற நினைப்பு அப்போதுகூட அவளுக்கு வரவில்லை. சமையலறை ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, மங்கி, சுவரைவிட்டு இறங்கும் வரை அப்படியே கிடந்தாள்.

தெருமுனையில் தகரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஒரு வண்டி வந்து நின்றது. கேட் கிறீச்சிட்டது.

அவள் எழுந்து, தாழை நீக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள். வாசல் கதவு ஏற்கெனவே விரியத் திறந்திருந்தது. ஆஸ்பத்திரித் துணிப்பை ஒன்றைக் கையில் பிடித்தபடி, இளைத்து, கறுத்து, பட்டன்காரி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் வண்டி கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

காலர்காரி அந்த முகத்தைப் பார்த்தாள். இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம் இருந்தது. இத்தனை வருஷமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது.

"நான் வராதீங்கன்னு சொன்னேனேக்கா."

"சொன்ன. அப்புறம் திரும்பக் கூப்பிட்டு, 'எடம் பண்ணிட்டோம், வந்துடுங்க'ன்னும் சொன்ன."

"அது நான் இல்லக்கா. சத்தியமா நான் கூப்பிடல."

"தெரியும்" என்றாள் பட்டன்காரி.

அவள் உள்ளே வந்து, பையைச் சுவரோரம் வைத்தாள். மூச்சு வாங்கியது. சற்று நின்று, இளைப்பாறிக்கொண்டாள்.

"இத்தன வருஷமா பக்கத்துல உக்காந்து உன் மூச்சத்தானடி கேட்டிருக்கேன். நீ ஒரு வார்த்த பேசறதுக்குள்ள ரெண்டு தடவ மூச்சு வாங்குவ. அது நீளமா பேசுச்சு. அட்ரஸ் சொல்லுச்சு, தெருவுக்கு அடையாளம் சொல்லுச்சு. முடிக்கிற வரைக்கும் ஒரு மூச்சுகூட விடல."

காலர்காரி மேசையில் கிடந்த போனைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுமா வந்தீங்க? எதுக்குக்கா வந்தீங்க?"

பட்டன்காரி அறைக்குள் கண்ணை ஓட்டினாள். நீண்ட மேசையைப் பார்த்தாள். அதன்மேல் அடுக்கியிருந்த பட்டன் வைத்த துண்டுகளைப் பார்த்தாள். கோணல் நகம் வளர்ந்த பெருவிரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேண்டி. தம்பிக்குப் போட்டேன், சித்தி மகளுக்குப் போட்டேன். நீயும் வேணாம்னுட்ட. வான்னு கூப்பிட்டது இது ஒண்ணுதான்."

காலர்காரி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது.

அறையில் ஒரு சத்தம் எழுந்தது. இருவரும் திரும்பினார்கள்.

மேசைக்கு முன்னால் இடப்பக்கத்து நாற்காலி, யாரும் தொடாமலே, தரையில் உரசிக்கொண்டு நகர்ந்தது. நகர்ந்து, அடுத்திருந்த நாற்காலியையும் தள்ளிக்கொண்டு போய், மெஷினுக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு நின்றது.